முதலில் மூடியைப் பிடி: ஆட்களைப் படமெடுக்கப் பழகும் பட்டறைகள் பற்றி

பட்டறை என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு லேத் பட்டறைதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே வேலைக்குச் சேரும் பையனுக்கு யாரும் பாடம் எடுப்பதில்லை. முதல் நாள் டீ வாங்கி வரச் சொல்வார்கள். அப்புறம் மெஷினுக்குக் கீழே குவிந்த இரும்புச் சுருளைக் கூட்டி அள்ளச் சொல்வார்கள். சில வாரம் போனால் மேஸ்திரிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பான். அப்படி நின்று நின்றுதான் தொழில் அவனுக்குள் இறங்கும்.

ஆட்களைப் படமெடுக்கக் கற்றுத்தரும் போட்டோ பட்டறையும் நன்றாக நடந்தால் இப்படித்தான் இருக்கும். பாதி நேரம் உங்கள் கையில் கேமரா இருக்காது, தெர்மாகோல் மூடி இருக்கும். வடசென்னையில் எங்கள் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போட்டு அடைப்பார்களே, அந்தப் பெட்டியின் மூடி. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்தான் அன்றைக்கு அதிகம் கற்றுக்கொள்கிறார் என்பது நான் பார்த்த வரைக்கும் உண்மை. ஏன் என்று சொல்கிறேன்.

எது பட்டறை?

ஏசி அறையில் ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் பேசினால் அது வகுப்பு. பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து ஒரு தெருவில் நடந்தபடி அவரவர் கண்ணுக்குப் பட்டதை எடுத்தால் அது போட்டோவாக். சென்னையில் வார இறுதிகளில் இப்படி நடப்பவர்கள் பல வருஷமாக இருக்கிறார்கள். நல்ல பழக்கம், காசும் ஆகாது. ஆனால் ஆட்களை எடுக்கும் கூச்சம் உள்ளவர் அங்கே போனால் பெரும்பாலும் சுவரையும் பூனையையும் எடுத்துக்கொண்டு வீடு திரும்புவார். நானும் அப்படித் திரும்பியிருக்கிறேன்.

இன்னொரு ரகமும் உண்டு. ஒரு மாடலை நிறுத்தி, லைட்டெல்லாம் செட் செய்து, இருபது பேரைச் சுற்றி நிற்க வைத்துப் படம் எடுக்கச் சொல்வது. ரேஷன் கடை வரிசை மாதிரி ஆளுக்கு மூன்று நிமிஷம். காசு கட்டி ஒரு முறை போனேன். படங்கள் பிரமாதமாக வந்தன. மறுநாள் அதே மாதிரி என் தங்கச்சியை எடுக்கப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் லேசு: லைட்டை வைத்தது வேறொருவர், மாடலிடம் பேசியது வேறொருவர், நான் செய்தது பட்டனை அமுக்கியது மட்டும். இருபது பேரின் மெமரி கார்டிலும் இருந்தது ஒரே படம்.

கைப்பழக்கம் வருகிற பட்டறைக்கு நாலு பேர் போதும். ஒருவர் எடுப்பார். ஒருவர் ஸ்டூலில் உட்காருவார். ஒருவர் மூடியைப் பிடிப்பார். நாலாவது ஆள் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டு இருப்பார். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இடம் மாறிக்கொள்ள வேண்டும். ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் எட்டுப் பேர் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து செய்வது இவ்வளவுதான். சொல்லித்தர வந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வண்டி ஓடும்.

ஸ்டூலில் உட்காருகிற பத்து நிமிஷம்

புதிதாக வருகிறவர்கள் இந்த முறையைத் தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். "நான் எடுக்கத்தானே வந்தேன், என்னை எதுக்குப்பா எடுக்கிறீங்க" என்பார்கள். விடக்கூடாது.

உட்கார்ந்ததும் முதலில் தெரிய வருவது, நமக்கு இரண்டு கை இருக்கிறது என்பது. எங்கே வைப்பது என்று தெரியாது. மடியில் வைத்தால் பள்ளிக்கூடக் குரூப் போட்டோ மாதிரி இருக்கும், கட்டிக்கொண்டால் கோபமாக இருப்பது போலிருக்கும். அப்புறம், எதிரே இருப்பவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேமராவின் பின்பக்கத் திரையைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகம் சுளித்தால் ‘நான் அவ்வளவு மோசமாகவா இருக்கிறேன்’ என்று தோன்றும். உண்மையில் அவர் திட்டிக்கொண்டிருப்பது ஃபோகஸை. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தத் தவிப்பை ஒரு தடவை அனுபவித்தவர், அடுத்த முறை கேமராவை வாங்கும்போது தானாகவே பேச ஆரம்பித்துவிடுவார். எதிரில் இருப்பவர் கையில் டீ கிளாஸைக் கொடுப்பார். நன்றாக வந்த படத்தை நடுவில் ஒரு முறை திருப்பிக் காட்டுவார். "சிரிங்க" என்று மட்டும் சொல்ல மாட்டார். சொல்லிச் சிரித்தால் வாய் மட்டும்தான் சிரிக்கும்.

பழைய ஸ்டூடியோக்காரர்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஸ்டூலில் உட்கார்ந்தால் அந்த அண்ணாச்சி "தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்கு, கழுத்தைத் துளி முன்னால கொண்டா" என்பார். கழுத்தை முன்னால் கொண்டு வந்தால் தாடைக்கோடு தெளிவாகத் தெரியும், கழுத்து மடிப்பு மறையும். இந்த ஒரு வரியை இன்றைக்கு வீடியோ போட்டு விற்கிறார்கள்.

மூடி பிடிப்பவருக்குத் தெரிவது

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும். மற்ற கோடை நாள்களிலும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த நேரத்தில் ஒருவரை வெட்டவெளியில் நிறுத்திப் பாருங்கள். நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண் இருக்கும் இடத்தில் இரண்டு இருட்டுக் குழி. மூக்கின் நிழல் மீசை மாதிரி உதட்டில் விழும். கேமரா எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் இதைச் சரிசெய்யாது.

எங்களுக்கு வாய்த்தது கிழக்கே கடல். காலை ஆறரை ஏழு மணிக்கு வெயில் தாழ்வாக, பக்கவாட்டில் வரும். கடலைப் பார்க்க நிற்பவர் முகம் முழுக்க வெளிச்சம், ஆனால் கண் கூசும். அவரைக் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள். தலைமுடியின் ஓரத்தில் ஒளி ஒரு கோடாக விழும், முகம் மங்கலாகிவிடும். இப்போது மூடிக்கு வேலை. முகத்துக்கு எதிரே மூன்று நாலு அடி தூரத்தில் பிடித்தால், வெயில் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் மெதுவாக விழும். கிட்டே கொண்டுபோனால் கூடும், தள்ளினால் குறையும். இடுப்புக்குக் கீழேயிருந்து பிடித்தால் பேய்க்கதை சொல்கிறவர் முகத்துக்கு அடியில் டார்ச் அடித்தது போலிருக்கும். மூடியை அரை அடி நகர்த்தும்போது எதிரில் உள்ளவரின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி முகம் உயிர்பெறுவதைப் பார்ப்பீர்கள். எடுப்பவர் கட்டத்துக்குள் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார், அவருக்கு இது பாதிதான் தெரியும். மூடி பிடிப்பவருக்கு முழுசாகத் தெரியும். அவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார் என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

கறுப்புக் குடை ஒன்றும் கொண்டு வாருங்கள். நாலாப் பக்கமும் வெளிச்சமாக இருக்கும் மொட்டை மாடியில் முகம் தட்டையாகத் தெரியும். ஒரு பக்கம் குடையை விரித்துப் பிடித்தால் அந்தக் கன்னத்தில் நிழல் விழுந்து முகத்துக்கு வடிவம் வரும். வெளிச்சத்தைக் கூட்டுவது போலவே குறைப்பதும் வேலைதான்.

எட்டரை மணிக்கு மேல் வெயில் கடுமையாகிவிடும். அப்போது வாசற்படிக்குப் போய்விடுவோம். வீட்டுக்காரரைக் கதவுக்கு ஓரடி உள்ளே நிறுத்தி, தெருவைப் பார்க்கச் சொன்னால் போதும். மேலே கூரை இருப்பதால் உச்சி வெயில் விழாது. எதிர்ச் சுவரிலும் தெருவிலும் பட்டுத் தெறிக்கும் ஒளி முன்னாலிருந்து வரும். பின்னால் அறை இருட்டாக இருப்பதால் முகம் மட்டும் தனியே எழும். குறுகலான சந்துகள் நிறைந்த ஊரில் இதைவிட நல்ல ஸ்டூடியோ வேறென்ன வேண்டும்?

சாயங்காலம் என்றால் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு. துணிக்கடைகளின் விளக்கு வெளிச்சம் பெரிய ஜன்னல் மாதிரி தெருவில் விழும். கடையைப் பார்த்து ஆளை நிறுத்தினால் போதும். ஒரு எச்சரிக்கை: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை, அதாவது வெளிச்சம் உள்ளே வரத் திறந்து மூடும் கதவை, வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். நொடியில் 1/50 அல்லது 1/100 பங்கில் வைத்தால் தொல்லை இருக்காது.

நம் தோலும் கேமராவின் கணக்கும்

ஒரு மீன்காரக்கா சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எடுத்துப் பார்த்தால் முகம் கரிக்கட்டை மாதிரி வருகிறது. கேமரா கெட்டுப்போகவில்லை. தனக்கு எதிரே இருப்பதை எல்லாம் கலந்தால் நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நம்பி அது கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் நிறைய இருந்தால் ‘அடடா, ரொம்ப வெளிச்சம்’ என்று எல்லாவற்றையும் மங்கலாக்கும். முகமும் சேர்ந்து மங்கும். போனில் அந்த முகத்தின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே தள்ளுங்கள். கேமராவில் கூட்டல் கழித்தல் போட்ட பட்டன் இருக்கும், ஒரு படி கூட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரும் நடக்கும். கறுத்த முகமே படம் முழுவதையும் நிறைத்தால் கேமரா ‘இருட்டு’ என்று நினைத்து வெளிறடித்துவிடும். அப்போது அரைப் படி குறைக்க வேண்டும். கறுப்பு கறுப்பாகவே, அதன் மினுமினுப்போடு வர வேண்டும். போனில் ‘பியூட்டி’ என்று ஒன்று இருக்கும், தோலை வெளுப்பாக்கிக் கன்னத்தை மெழுகாக்கும். எங்கள் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் அதை அணைக்கச் சொல்வோம்.

இந்தக் கோளாறுக்கு ஒரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம், நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டையைக் கொடுத்தது. ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். பல பத்தாண்டுகள் அதில் இருந்தவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். அந்தத் தோல் சரியாக வந்தால் மற்றதெல்லாம் சரி என்று வேலை ஓடியது. கல்யாண ஆல்பத்தில் நம் சித்தப்பாக்கள் பல்லும் சட்டையுமாக மட்டும் தெரிந்ததற்கு அதற்கும் பங்கு உண்டு.

எவ்வளவு தள்ளி நிற்பது

போனின் மெயின் கேமரா அகலமாகப் பார்க்கக்கூடியது, பெரிய கேமராக் கணக்கில் 24 முதல் 26 எம்.எம். லென்ஸுக்குச் சமம். அதில் ஒருவர் முகத்தைப் பெரிதாக எடுக்க ஓரடி தூரத்துக்கு நெருங்கிவிடுவோம். அவ்வளவு கிட்டே போனால் காதைவிட மூக்கு கேமராவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும், அதனால் மூக்கு உருளைக்கிழங்காகிவிடும். பலர் லென்ஸைக் குறை சொல்வார்கள். காரணம் தூரம்தான். ஐந்தாறு அடி பின்னால் வந்து, முகம் அதே அளவுக்கு வரும் வரை ஜூம் செய்து எடுங்கள். அதே முகம், அதே அளவு, மூக்கு ஊருக்குத் திரும்பிவிடும்.

ஒன்றரை அடி, மூன்று அடி, ஆறு அடி என்று மூன்று இடத்தில் நின்று, முகம் ஒரே அளவில் வரும்படி ஜூம் செய்து எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்ல பயிற்சி. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவோம். நொண்டி ஆடுகிறோம் என்று நினைத்துத் தெருப் பிள்ளைகள் வந்து சேர்ந்துவிடும், அதுவும் நல்லதுதான்.

கேமரா வைத்திருப்பவர்கள் 50 எம்.எம். 1.8 லென்ஸ் ஒன்று வாங்கினால் ரொம்ப நாளைக்குப் போதும். வாங்கிய ஜோரில் எல்லோரும் லென்ஸின் வாயை முழுசாகத் திறந்து எஃப் 1.8-லேயே எடுப்பார்கள், பின்னணி வெண்ணெயாக உருகும் என்று. கிட்டத்தில் எடுத்தால் ஒரு கண் ஷார்ப்பாகவும் மற்றது மங்கலாகவும் வரும். வாயைச் சுருக்கி எஃப் 4-க்கு வாருங்கள், கேமராவுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். உட்கார்ந்திருப்பவருக்கு ஷட்டர் 1/125, பாக்ஸிங் பழகும் பையன்களுக்கு 1/500. அமைப்புகளைப் பற்றி இதற்கு மேல் ஆரம்பத்தில் தெரிய வேண்டியது எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். மீதியைப் பேசிப் பேசிப் பொழுதைப் போக்கலாம்.

தெருவில் இறங்கும்போது

ஒரே நேரத்தில் எட்டு கேமரா காசிமேட்டு ஏலத்துக்குள் நுழைந்தால் அது முற்றுகை. விடியற்காலையில் கூடையும் ஐஸும் தண்ணீருமாக ஆட்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள், நாம் நடுவில் நின்றால் திட்டுதான் விழும், நியாயமாகவே. இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் பேச, ஒருவர் எடுக்க. வாங்க வந்தவர் கூட்டம் குறைந்த பிறகு போனால் எல்லோருக்கும் பேச நேரம் இருக்கும். பக்கத்திலுள்ள வணிகத் துறைமுகப் பகுதி பாதுகாப்புக்கு உட்பட்டது, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயின்ட் அடிப்பார்கள். ஆட்களை நிதானமாக எடுக்க இந்த நாள்கள் வசதி. ஆனால் அவர்களுக்கு வருமானம் நின்றுபோன நாள்களும் இவைதான். அந்த ஞாபகத்தோடு போய்ப் பேசுங்கள்.

கேட்பது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. முதல் முறை நான் கேமராவை மார்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு மீன்காரம்மா பக்கத்தில் பேசாமல் நின்றேன். "இன்னா தம்பி, வாங்க வந்தியா, வேடிக்க பாக்க வந்தியா?" என்றார். "போட்டோ எடுத்துப் பழகுறோம் ஆயா, உங்கள ஒண்ணு எடுக்கட்டுமா?" "பேப்பர்ல வருமா?" "வராது ஆயா. ஆனா உங்களுக்கு ஒண்ணு பிரின்ட் போட்டுத் தரேன்." "அப்ப இரு," என்று முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். அவ்வளவுதான். வேண்டாம் என்று தலையாட்டினால் கும்பிட்டுவிட்டு நகர வேண்டும். பிள்ளைகள் என்றால் வீட்டில் பெரியவர்களைக் கேட்காமல் எடுப்பதில்லை, வெளியே எங்கும் போடுவதும் இல்லை.

ஒரு ஆதங்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து படமெடுக்க வருகிற சிலர் எங்கள் பையன்களைச் சுவரோரம் நிறுத்தி "கொஞ்சம் முறைச்சுப் பாரு தம்பி" என்கிறார்கள். வடசென்னை என்றால் முறைக்க வேண்டும் போலிருக்கிறது. அப்படி நின்ற ஒரு பையன் காலேஜில் பி.காம். படிக்கிறான், முறைக்கத் தெரியாமல் சிரித்துவிட்டான். சிரித்த படத்தை அவர்கள் அழித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர்கள் கேமரா பிடித்தால் இந்தத் தொல்லை குறையும். பாரி என்னும் கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஒளிப்படக் கலைஞர் எம். பழனி குமார், வடசென்னை இளம்பிள்ளைகளுக்குப் படமெடுக்கப் பயிற்சி தந்திருக்கிறார். தங்கள் பகுதியை அவர்களே எடுத்த படங்கள் கண்காட்சியாகவும் வைக்கப்பட்டன. 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பியனாலே என்னும் ஒளிப்பட விழாவும் நகரத்தில் கண்காட்சிகளோடு பயிலரங்குகளும் நடத்துகிறது. வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

டீக்கடையில் நடப்பது

எடுத்து முடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டால் பாதிப் பட்டறை போச்சு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று படம் மட்டும் காட்ட வேண்டும். முந்நூறு எடுத்திருந்தாலும் மூன்றுதான். எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும்: முதலில் கண் எங்கே போகிறது, ஓரத்தில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, தலையிலிருந்து கரண்ட் கம்பம் முளைத்திருக்கிறதா, அந்த ஆள் நிம்மதியாக இருக்கிறாரா. "சூப்பர்" என்ற சொல்லுக்கு எங்கள் பெஞ்சில் தடை. மூன்றைத் தேர்ந்தெடுக்கிற வேதனையிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடும். மற்றவர் வாயிலிருந்து வருவது மீதி. என்னுடைய படத்தைப் பார்த்து ஒரு நண்பன் "இந்த ஆயா உன்னப் பாக்கல மச்சான், உன் பின்னாடி வர்ற ஆட்டோவப் பாக்குறாங்க" என்றான். அதுவரை அந்தப் பார்வையை நான் ஏதோ ஆழ்ந்த சோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சொன்னபடி பிரின்ட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பட்டறையைச் சேர்ந்த வேலைதான். நான் தள்ளிப்போட்டு ஏழு வாரம் கழித்துப் போனேன். வாங்கிப் பார்த்த அந்த மீன்காரம்மா, "மூக்குத்தியே தெரியலியே, நல்லா எடுத்த போ," என்று மறுபடியும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது படத்தில் மூக்குத்தி தெரிந்தது. அன்றைக்கு மூடி பிடித்தவன் சரியான ஆள்.

உங்கள் தெருவில் தொடங்க வேண்டுமானால் நாலு பேர், ஒரு ஸ்டூல், ஒரு குடை, ஒரு மூடி, ஞாயிறு காலை ஆறரை மணி. போன் கேமராவே போதும். மூடியை மட்டும் முந்தின நாளே சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துவிடுங்கள். நாங்கள் முதல் வாரம் அப்படியே தூக்கிக்கொண்டு போனோம். அன்றைக்கு எடுத்த அத்தனை படத்திலும் ஸ்டூலில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டிருக்கிறார்.